கோகிலவாணி காருக்கு லீவர் மாட்டிய கதை

ராஜகீழ்ப்பாக்கத்தில் கோகிலவாணியைத் தெரியாதவர்கள் குறைவு. பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் குட்டிச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில், வேளச்சேரி ரோட்டில் தண்ணீர் லாரிக்குக்கூட வழிவிடாமல் போகிறவள் என்று சொன்னால் போதும், "கால் சரியில்லாத அந்த மேடமா" என்பார்கள். அது அவள் காதில் விழுந்தால் தொலைந்தார்கள். "ஒரு காலுதாங்க சரியில்ல, இன்னொண்ணு உங்களை உதைக்கிற அளவுக்கு நல்லாவே இருக்கு" என்று அங்கேயே வாயை அடைத்துவிடுவாள்.

இரண்டு வயதில் வந்த போலியோ வலது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போனது. அந்தக் காலுக்குத் தொடைவரை காலிப்பர் என்ற இரும்புச் சட்டம். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டாள். சிறுசேரியில் ஒரு பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியில், வாடிக்கையாளர் புகார்களுக்குப் பதில் எழுதும் வேலை. கல்யாணம் வேண்டாமென்று அவளும் சொல்லவில்லை, வேண்டுமென்று வந்தவனும் யாருமில்லை. அந்தப் பேச்சு வீட்டில் எப்போதோ ஓய்ந்துவிட்டது. கொரோனா வந்து எல்லாருக்கும் வீட்டிலிருந்தே வேலை என்று ஆனபோது ஊரே அலறியது, இவள் மட்டும் மனசுக்குள் நிம்மதியாக மூச்சு விட்டாள். அந்த நிம்மதி எத்தனை காலத்துக்கு? எல்லாரும் ஆபீசுக்கு வந்தாக வேண்டும், முடியாதவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. மேனேஜர் ஸ்ரீவித்யா போனில் ரொம்பக் குழைந்து பேசிவிட்டு, "மாசம் பொறந்தா வந்துடுங்க கோகிலா, இதுக்கு மேல என்னால இழுக்க முடியாது" என்று முடித்தாள்.

வரச் சொல்வது சுலபம். போவது எப்படி? பஸ் படி இவளுக்கு எட்டாது. கம்பெனி வண்டி ராத்திரி ஷிஃப்டுக்கு மட்டும்தான். தினமும் ஆட்டோவில் சிறுசேரி போய் வந்தால் சம்பளத்தை ஆட்டோக்காரர் கையிலேயே நேராகக் கொடுத்துவிடலாம். ஸ்கூட்டரில் போகலாமென்றால், போன மழையில் மேடவாக்கத்தில் பள்ளம் தெரியாமல் விட்டு, வண்டியோடு சாய்ந்து, தோள்பட்டை இறங்கியது இன்னும் சரியாகவில்லை. கையைத் தூக்கி ஜடை போடவே பல்லைக் கடிக்கிறாள்.

ஆகவே கார். கையாலேயே ஓட்டுகிற மாதிரி மாற்றி அமைத்த கார். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு லீவர் இருக்கும். தள்ளினால் பிரேக், இழுத்தால் ஆக்சிலரேட்டர். கிளட்சை மிதிக்க இடது கால் இருக்கிறது. அந்த மாதிரி வண்டி வைத்துச் சொல்லிக்கொடுக்கிற டிரைவிங் ஸ்கூலுக்கு லீவு நாட்களில் அலையாய் அலைந்து, டெஸ்ட்டும் பாஸாகி, லைசென்சைக் கைப்பையில் வைத்திருந்தாள். வண்டி ஒன்றுதான் பாக்கி. இந்த வேலை போனால், இந்த வயதில், இந்தக் காலோடு இன்னொரு வேலை யார் கொடுப்பார்கள் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். அம்மா தாயாரம்மாளின் மாத்திரை முதல் கரண்ட் பில் வரை அந்தச் சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

புது வண்டி அவளுக்குக் கட்டுப்படியாகாது. பொழிச்சலூரில் ஹேமாவதி டீச்சர் என்று ஒருவர், வெளியே எடுக்காமல் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்த பழைய மாருதியை, "ஓட்டப் போறது நீயா? அப்போ உன்னால முடிஞ்சதக் குடுத்துட்டு எடுத்துக்கோ" என்று கொடுத்துவிட்டார். பதினைந்து வருஷம் ஆன வண்டி. அவ்வளவு வயசான வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி, ரோட்டில் ஓடத் தகுதியானதுதான் என்று மறுபடி எழுதி வாங்க வேண்டும். நம் பக்கத்தில் அதற்கு எஃப்.சி. என்று பெயர். லீவர் மாட்டியிருப்பதையும் அதோடு சேர்த்துக் காட்டிப் பதிந்துகொள்ளலாம் என்றார்கள்.

இதற்கெல்லாம் ஓடியாடியவன் தம்பி உதயா. அதே வீட்டில் மாடியில் பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கிறான். கூடுவாஞ்சேரி, படப்பைப் பக்கம் மனை விற்றுக் கொடுக்கிற தரகு. அக்காவைவிட இரண்டு வயது சின்னவன். ஆனால் சின்ன வயசில் அவளைச் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து, சேலையூர் பள்ளிக்கூடத்துக்கு மிதித்துக்கொண்டு போனவன் அவன்தான். பள்ளிக்கூட வாசலில் இறக்கி, புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு கிளாஸ் வரைக்கும் கூடவே வருவான். அப்படிப்பட்டவன் 'நான் பார்த்துக்கறேன்' என்று சொன்னால் எந்த அக்காதான் நம்ப மாட்டாள்? கோகிலவாணியும் நம்பினாள்.

வண்டியைக் கேம்ப் ரோட்டை ஒட்டிய சந்தில் சவுரிமுத்துவின் ஷெட்டில் விட்டார்கள். அவளுடைய ஸ்கூட்டருக்குப் பக்கச் சக்கரம் வைத்துக் கொடுத்தவரும் அவர்தான். குனிந்து, நிமிர்ந்து, அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"இஞ்சின் தேவலாம்மா. அடியில துரு கீது, அத்த ஒட்டிரலாம். டயர்தான் நாலும் மொட்டை. இத்த வெச்சிக்கினு போனா இன்ஸ்பெக்டரு கிட்டயே வர வுடமாட்டாரு."

"புதுசு போட இப்ப முடியாதுண்ணா. கையில இருக்கிற காசு லீவர் செட்டுக்குத்தான் சரியா இருக்கும்."

"அதுக்கு இன்னாத்துக்கு பேஜாரு? எஃப்.சி. அன்னிக்கு மட்டும் வாடகைக்கு நாலு டயர் மாட்டிக்கலாம். பாஸாயிட்டா கயட்டிக் குட்த்துரலாம். எல்லாம் அப்டிதான் பண்ணிக்கினு கீறாங்க."

அவர் சொன்னது பொய்யில்லை. ஆட்டோ, லாரி, ஸ்கூல் வேன் என்று எத்தனையோ வண்டிகள் இப்படி ஒரு நாளைக்கு மட்டும் புது மாப்பிள்ளையாக நின்று பாஸ் வாங்கிக்கொண்டு, மறுநாளே பழைய கோலத்தில் ரோட்டுக்கு வருகின்றன. இது தப்பு என்று யாருக்கும் தோன்றுவதில்லை, தோன்றினாலும் யாரும் வாய் திறப்பதில்லை. கோகிலவாணிக்கும் சிரிப்புதான் வந்தது. "என்னண்ணா இது, கல்யாண வீட்டுக்கு இரவல் நகை போட்டுட்டுப் போற மாதிரி" என்றாள். போனஸ் வந்ததும் நல்ல செகண்ட் ஹாண்ட் டயராகப் பார்த்து ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம், அதுவரை பையப் பைய ஓட்டலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு சரியென்றாள்.

"ஆனா லீவர் மட்டும் நல்ல செட்டா இருக்கணும்ணா. சர்டிபிகேட்டோட வர்றதா இருக்கணும். அது என் உயிரு."

பக்கத்தில் நின்ற உதயா அவள் தோளைத் தட்டினான். "அது என் பொறுப்புக்கா. நீ டென்ஷன் ஆகாத. காசை என்கிட்ட குடு, ஆர்டர் போட்டு வாங்கி அண்ணன்கிட்ட குடுத்துடறேன்." அவள் சேர்த்து வைத்திருந்ததை மறுநாளே அவன் கணக்குக்கு அனுப்பினாள். போன் ஒரு தடவை சிணுங்கிற்று, அவ்வளவுதான்.

எஃப்.சி. அன்று காலையில் வண்டியைப் பார்த்தவள் அசந்துபோனாள். கருகருவென்று நாலு டயர். ஸ்டீயரிங்குக்குக் கீழே எண்ணெய் மினுமினுக்கும் லீவர். கைப்பிடியில் வழுக்காமலிருக்கப் பச்சை நைலான் கயிறு நெருக்கமாகச் சுற்றியிருந்தது. இவ்வளவு அக்கறையாகச் செய்திருக்கிறாரே என்று சவுரிமுத்துவை நினைத்து அவளுக்கு நெகிழ்ச்சியாகிவிட்டது. இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார், விளக்கைப் போடச் சொன்னார், ஹாரன் அடிக்கச் சொன்னார். பிறகு கைகட்டி நின்று, "நீங்களே ஒரு ரவுண்ட் ஓட்டுங்கம்மா" என்றார்.

ஓட்டினாள். லீவரை மெல்ல இழுத்ததும் வண்டி சொன்ன பேச்சு கேட்டு நகர்ந்தது. மைதானத்தின் மூலையில் திரும்பி, இன்ஸ்பெக்டர் நின்ற இடத்துக்கு வந்து, லீவரைத் தள்ளி, கோடு போட்ட மாதிரி நிறுத்தினாள். தூக்கிவிட ஆள் தேடாமல், யாரையும் கெஞ்சாமல், மழைக்குப் பயப்படாமல் ஆபீசுக்குப் போகப்போகிறோம் என்ற நினைப்பில் லீவரிலிருந்து கையை எடுக்கவே மனசு வரவில்லை. உதயா எல்லாவற்றையும் செல்போனில் வீடியோ எடுத்தான். அன்று சாயங்காலம் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அதை அனுப்பியவனும் அவனேதான்.

அதற்குப் பிறகு வண்டி வீட்டுக்கு வரவில்லை. கேட்டால், "பெயிண்டு அங்கங்க பேத்துக்கிட்டு இருக்கு, டச்சப் பண்ணிக்கிட்டு இருக்காருக்கா" என்றான் உதயா. இரண்டாம் தடவை கேட்டதற்கு டயர் மாற்றுகிறார்கள் என்றான். மூன்றாம் தடவை, "வண்டி எங்கயும் ஓடிடாது, ஏன் அவசரப்படற" என்று சலித்துக்கொண்டான். மாசம் பிறக்கப்போகிறது. திங்கட்கிழமை ஆபீஸ். சனிக்கிழமை காலையில் அவளே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சக்கரத்துக்கு அடியில் வைக்க நாலு எலுமிச்சம்பழம், கண்ணாடிக்கு ஒரு முழம் பூ, கற்பூரம், ஷெட்டில் எல்லாருக்கும் இனிப்பு. பூஜை போட்டு வண்டியைக் கையோடு ஓட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும், ஸ்கூட்டரை உதயா பிறகு எடுத்து வரட்டும் என்பது ஏற்பாடு.

ஷெட் வாசலில் ஒரு சாம்பல் நிறக் கார் நின்றது. கதவைத் திறந்து போட்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தவர் ஹனீஃபா. பம்மலில் எலக்ட்ரிகல் கடை வைத்திருப்பவர், அவருக்கும் போலியோதான். ஊனமுற்றோர் அட்டை புதுப்பிக்கும் முகாமில் இருவருக்கும் பழக்கம். அவர் வண்டிக்குள் சவுரிமுத்து தலையை விட்டு ஏதோ முறுக்கிக்கொண்டிருந்தார்.

"அடடே, வாங்கம்மா. பாஸாயிடுச்சாமே, மாஷா அல்லா" என்றார் ஹனீஃபா. "உங்களுக்குன்னு சொன்னதால தான் குடுத்தேன். ரெண்டு நாளு கடைக்கு ஆட்டோலதான் போய் வந்தேன்னா பாத்துக்குங்க. திருப்பி மாட்டுனதுல என்னவோ லூசா ஆடுது, அதான் டைட் வைக்க வந்தேன்."

"எதைக் குடுத்தீங்க?" என்று கேட்டுக்கொண்டே அவள் உள்ளே குனிந்து பார்த்தாள். லீவர். கைப்பிடியில் பச்சை நைலான் கயிறு.

"கை வேர்க்கும்மா எனக்கு. நானே சுத்துனது" என்றார் ஹனீஃபா, அவள் பார்வையைப் பார்த்து. அந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாது. இவளுடைய செட் வந்து சேரத் தாமதம், எஃப்.சி. தேதி தள்ளிப்போகக் கூடாது என்று சொல்லித்தான் இரவல் வாங்கியிருந்தார்கள்.

அவளும் முதலில் அப்படித்தான் நினைத்தாள். அப்படி நினைக்கத்தான் ஆசைப்பட்டாள். "அப்போ என்னோடது எப்பண்ணா வரும்?" என்று சவுரிமுத்துவைக் கேட்டாள். அவர் கையிலிருந்த ஸ்பானரைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"ஆர்டரே போடலம்மா உன் தம்பி" என்றார் கடைசியில். "அக்கா ஆசப்படுது, ஆனா எங்க ஓட்டப் போவுது, எஃப்.சி.ல காட்ட இருந்தா போதும்னுச்சு. நீயும் டயருக்கு சரின்னுட்டியா, இதுவும் உனுக்குத் தெரிஞ்சிதான் நடக்குதுன்னு நென்ச்சிக்கினேன்."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளைச் சுட்டது. ஆமாம், டயருக்குச் சிரித்துக்கொண்டே சரியென்றவள் அவள்தானே. இரவல் டயரைப் பார்த்துச் சிரித்தவளுக்கு இரவல் லீவரும் தெரிந்துதான் இருக்கும் என்று நினைத்ததில் அந்த மனுஷனைச் சொல்லிக் குற்றமில்லை என்று ஒரு பக்கம் தோன்றியது. இன்னொரு பக்கம், உயிர் என்று சொன்னேனே அண்ணா, அது உங்கள் காதில் விழவில்லையா என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

"என் வண்டி எங்கே?"

பின்பக்கம் நின்றது. பளபளக்கும் அலாய் சக்கரங்களோடு புது டயர்கள். சிவப்புச் சீட் கவர். பின் கண்ணாடி ஓரம் இரண்டு பெரிய ஸ்பீக்கர். ஓடாமல் கிடந்த ஏ.சி.யை ஓட வைத்திருந்தான் உதயா. முன் கண்ணாடியில் சக்கர நாற்காலிப் படம் போட்ட நீல ஸ்டிக்கர். லீவர் இருந்த இடத்தில் நாலு திருகாணி ஓட்டை. தன் லீவர் காசு என்னென்னவாக மாறியிருக்கிறது என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எலுமிச்சம்பழப் பையை ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு, இனிப்புப் பொட்டலத்தை மட்டும் ஹனீஃபாவின் மடியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

உதயா மழுப்பவெல்லாம் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வயிற்றெரிச்சலாக இருந்தது. டீ குடித்துக்கொண்டே சொன்னான். "பார்ட்டியை பைக்குல உக்கார வெச்சு மனை காட்டப் போனா எவன்க்கா மதிக்கிறான்? கார்ல போய் இறங்கினா பேச்சே வேற. எனக்கு ரெண்டு மனை முடிஞ்சா உனக்கு புது வண்டியே வாங்கித் தரேன். அதுவரைக்கும் நானே உன்னை தினமும் கொண்டு போய் விடறேன். ராணி மாதிரி உக்காந்துக்கோ."

"ராணியா உக்கார நான் கேக்கலடா. நான் ஓட்டத்தான் கேட்டேன். அன்னிக்கு ஓட்டினதை நீதானே வீடியோ எடுத்தே?"

"அது கிரவுண்டுக்கா. ரோடு வேற."

"உனக்கு பார்ட்டி இருக்கிற நாள்ல நான் எப்படிப் போறது?"

"அன்னிக்கு ஒரு லீவு சொல்லிடேன்."

லீவு சொல்லிடேன். அவள் வேலை ஒரு நூலில் தொங்கிக்கொண்டிருப்பது அவனுக்கும் தெரியும். தாயாரம்மாள் நடுவில் புகுந்து, "கூடப் பொறந்தவன் ஓட்டினா என்னடி, நீ ஓட்டினா என்ன? ஏதாவது ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா?" என்றாள். மகளின் சம்பளத்தில் மாத்திரை விழுங்குகிற அந்த அம்மாவுக்கு, மகள் எதில் போய் அந்தச் சம்பளத்தைக் கொண்டு வருகிறாள் என்பது ஒரு விஷயமே இல்லை. ஊர்க்காரன் ஏமாற்றியிருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பாள். உள்ளேயே இருக்கிறவன் தலையில் மிளகாய் அரைத்தால் யாரிடம் போய்ச் சொல்ல? அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை, அதை யாரும் கேட்கவும் இல்லை.

திங்கட்கிழமைக்கு வேறு வழி இல்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து போனாள். மேடவாக்கம், சித்தாலப்பாக்கம் தாண்டும் வரைக்கும் உதயா ஏ.சி.யைக் கூட்டுவதும் குறைப்பதுமாக வந்தான். பாட்டை மாற்றினான். "பாத்தியாக்கா, எவ்வளவு சுகமா இருக்கு" என்றான். அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கம்பெனி கேட்டில் செக்யூரிட்டிக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். கண்ணாடியிலிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தார். "டிராப் வண்டி உள்ள வரக் கூடாது சார். ஓட்டிக்கிட்டு வர்றவங்களே மாற்றுத்திறனாளியா இருந்தாத்தான் லிஃப்ட் பக்கத்துல பார்க்கிங். வண்டி யாருது?"

கேட்டிலிருந்து கட்டடம் ரொம்ப தூரம். வெயிலில், காலிப்பரோடு. கோகிலவாணி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் உதயா கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டான்.

"நம்மளுதுதான் சார்" என்றான். "ஊனமுற்றோர் கார்டு எடுத்துக் காட்டறேன், இருங்க." வண்டியின் முன்பக்கமாகச் சுற்றி, அவள் பக்கத்துக் கதவை நோக்கி நடந்து வந்தான். நொண்டிக்கொண்டு நடந்தான்.

வலது தொடையை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டான். ஒவ்வொரு எட்டுக்கும் வலது தோள் இறங்கி ஏறியது. பாதத்தைத் தூக்கி வைக்காமல் வெளிப்பக்கமாக ஒரு வட்டம் போட்டு இழுத்து வைத்தான். செக்யூரிட்டிக்காரர் முகம் இளகிவிட்டது. "இருக்கட்டும் சார், ஏன் சிரமப்படறீங்க" என்று இரண்டு எட்டு முன்னால் வந்தார். "மேடம் யாரு?"

"எங்கக்கா. தொணைக்கு வந்தாங்க" என்றான் உதயா. சொல்லிவிட்டு, ஜன்னல் வழியாக அவள் காதோரம் குனிந்து, "கார்டைக் குடுக்கா. ஒண்ணும் பேசாத. மால்ல, ஆஸ்பத்திரியில எல்லாம் இப்படித்தான் விடறான். உனக்காகத்தானே" என்று கிசுகிசுத்தான். பெயிண்டு டச்சப் என்று சொன்ன நாட்களில் வண்டி எங்கெல்லாம் போய் வந்திருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

அவள் கார்டைக் கொடுக்கவில்லை. கதவைத் திறந்தாள். காலிப்பரை நீட்டிப் பூட்டி, கைத்தடியை ஊன்றி எழுந்து நின்றாள். செக்யூரிட்டிக்காரர் அவள் காலைப் பார்த்தார், உதயாவின் காலைப் பார்த்தார்.

"போலியோ எனக்குத்தான் சார்" என்றாள். "என் தம்பிக்கு ரெண்டு காலும் நல்லா இருக்கு. வண்டி வெளியவே நிக்கட்டும். நான் நடந்தே போறேன்." பிறகு உதயா முன்னால் கையை நீட்டினாள். "சாவி."

"அக்கா, எனக்கு பத்து மணிக்கு படப்பையில பார்ட்டி..."

"வண்டி என் பேருல இருக்கு. சாவியைக் குடு."

கொடுத்தான். செக்யூரிட்டிக்காரர் பார்த்துக்கொண்டு நின்றதால்தான் கொடுத்தான். சாவியைக் கைப்பையில் லைசென்சுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு அவள் உள்ளே நடந்தாள். சாயங்காலம் எப்படி வீட்டுக்குப் போவது, நாளைக்கு எப்படி வருவது, அந்த வீட்டில் இனி யார் முகத்தில் விழிப்பது என்று தன்னையே கேட்டுக்கொண்டு நடந்தாள்.

பாதி தூரத்தில் கால் நின்றுவிட்டது. அதுவரை வராத அழுகை அங்கே வந்தது. அந்த லீவர் போனதற்கோ, அம்மா பேசிய பேச்சுக்கோ இல்லை. அவன் நொண்டியது அத்தனை அச்சாக இருந்தது. தோள் இறங்குகிற இடம், கை அழுத்துகிற இடம், எதிலும் ஒரு பிசகில்லை. வருஷக்கணக்காக ஒருத்தி பக்கத்திலேயே, அவள் வேகத்துக்குத் தன் வேகத்தைக் குறைத்து நடந்தவனுக்குத்தான் அது அவ்வளவு சரியாக வரும்.